பலா மரமும் தேவையில்லாத ஆணிகளும்

எங்க பக்கத்து ஆளுங்க காலத்தையே ரெண்டாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க. கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடி. 2018 நவம்பர் 16 அதிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறின புயல், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ள புகுந்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம்னு தோப்பு தோப்பா சாய்ச்சிட்டுப் போயிருச்சு. டிவியில பெரும்பாலும் தென்னையைத்தான் காட்டினாங்க. ஆனா இந்தப் பக்கம் பலாவும் நிறைய. எங்க ஐயா வச்ச பலா ஒண்ணு வேரோட சாய்ஞ்சு கிடந்தது.

ஊர் பூரா மரம் விழுந்து கிடந்தா வியாபாரி என்ன விலை கேப்பான்? விறகு விலைதான். அப்பா முக்கால்வாசியைக் கொடுத்துட்டு, அடிமரத்தை மட்டும் அறுத்து அஞ்சு பலகையா கொட்டகையில அடுக்கி வச்சார். எங்க அப்பத்தா அதுக்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகலை. "அந்த வெறும் எடத்தப் பாக்க என்னால ஆகாது"ன்னு ஒரே வார்த்தை. ஆனா அஞ்சாறு மாசத்துக்கு ஒருதரம் கேக்கும், "அந்தப் பலகைய என்னப்பா பண்ணப் போறீக?"

சரி, மேட்டருக்கு வருவோம். பொட்டி தட்டுற எனக்கும் தச்சு வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்லை. 2024 ஆடி மாசம், அந்தப் பலகையில எதாவது செஞ்சு தரச்சொல்லி எங்க ஊர் ஆசாரியைப் பார்க்கப் போனேன். தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "தம்பி, ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு கணக்கு. இது நல்லாவே காஞ்சிருச்சு. ஆனா இதை நான் செய்யக்கூடாது. உங்க ஐயா வச்ச மரம், நீங்களே செய்ங்க. ஞாயித்துக்கெழம வாங்க" அப்படின்னுட்டார்.

போனா அங்க ஏற்கனவே ஒரு செட்டே இருக்கு! ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருத்தர், மோட்டார் காயில் கட்டுற தம்பி ஒருத்தன், பேத்திக்கு நடைவண்டி செய்ய வந்து அப்படியே தங்கிட்ட பெரியவர் ஒருத்தர். ஃபீஸ் எல்லாம் கிடையாது. டீயும் வடையும் முறை வச்சு வாங்கணும், அவ்வளவுதான். யாரும் யாரையும் 'இது கூடத் தெரியாதா'ன்னு கேட்டு நான் பார்த்ததில்லை. வாத்தியார் அளவு சொல்லித்தருவார், காயில் தம்பி எல்லாருக்கும் உளி தீட்டித் தருவான்.

ஆமா, உளி தீட்டுறது. முதல் நாலு ஞாயிறு எனக்கு அது மட்டும்தான். எண்ணெய்க் கல்லுல தேய், திருப்பித் தேய், கை ரோமத்துல வச்சுப் பாரு. ரோமம் சுத்தமா வந்தாதான் மரத்துல வைக்க விடுவார். அதுக்கப்புறம் இழைப்புளி. மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமா இழைச்சா சுருள் சுருளா வரும். எதிர்ப்பக்கம் இழைச்சா பிய்ச்சுக்கிட்டு வரும். பூனை முதுகைத் தடவிக் கொடுக்குற மாதிரின்னு பெரியவர் சொன்னார். டக்குனு புரிஞ்சுது.

பலாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். புதுசா இழைச்சா மஞ்சள்னா மஞ்சள், அப்படி ஒரு மஞ்சள். வெளிச்சமும் காத்தும் பட்டுப் பட்டு வருஷக்கணக்குல செம்பழுப்பா மாறிடும். பர்மா, தாய்லாந்து பக்கம் புத்த பிக்குகள் துவராடைக்குச் சாயம் ஏத்தினது இந்த வைரத்தை வேக வச்சுத்தான். மிருதங்கத்துக்கும் இதே மரம்தான். 2013ல புவிசார் குறியீடு வாங்கின தஞ்சாவூர் வீணைக்கும் இதேதான். வைரம் பாய்ஞ்ச பாகத்துல கரையான் லேசுல வாய் வைக்காது. சுத்தி இருக்குற வெளுத்த பாகத்தை மட்டும் விடாது. அதனால அதைச் செதுக்கித் தள்ளிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கணும்.

என்ன செய்றதுன்னு ரொம்ப யோசிக்கலை. அப்பத்தாவுக்கு முட்டி வலி, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா கால் தொங்குது. ஒரு ஸ்டூல்னு முடிவாச்சு. டேப்பை எடுத்தேன். ஆசாரி ஒரு சணல் கயிறைக் கையில குடுத்து, "முட்டிக்கும் தரைக்கும் இதால அளந்துட்டு வாங்க, போதும்"னார். 15 அங்குலம் 2 நூல்.

நாலு காலு, நாலு குறுக்குச் சட்டம், மேல பலகை. காலுல துளை அடிச்சு, சட்டத்து முனையில நாக்கு எடுத்து, உள்ள இறக்கணும். துளையோட அகலம் கட்டையோட கனத்துல மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல போனா கால் பலவீனம், குறைஞ்சா நாக்கு பலவீனம். கொட்டாப்புளியால தட்டினா இறங்கணும், கையால இழுத்தா வரக்கூடாது. கடைசியா குறுக்க ஒரு மூங்கில் முளை. ஒரு ஆணி கூடக் கிடையாது. ஆபீஸ்ல வாரம் பூரா ஆணி புடுங்குறவனுக்கு ஆணியே இல்லாத ஒரு வேலை! 2019ல உலகமே நேசமணிக்காக பிரார்த்தனை பண்ணுச்சே, அந்த நேசமணி இங்க வந்திருந்தா தலையில சுத்தியல் விழுந்திருக்கவே விழுந்திருக்காது :-)

நடுவுல ஒரு ஞாயிறு செட்டோட ஆவுடையார்கோயில் போனோம். மாணிக்கவாசகரோட திருப்பெருந்துறைதான். அண்ணாந்து பார்த்தா கொடுங்கை. கல்லுல மரக் கூரை! சட்டம், குறுக்குச் சட்டம், ஆணிக் குமிழ் வரைக்கும் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க. அந்தக் காலத்துச் சிற்பிங்க ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் கேக்கக்கூடாது'ன்னு எழுதி வாங்குவாங்கன்னு ஒரு கதை உண்டு.

"கல்லுக்கு எதுக்குண்ணே ஆணி? தேவையே இல்லையே"ன்னேன்.

ஆசாரி ரொம்ப நேரம் மேலயே பார்த்துட்டு இருந்தார். "கல்லுல செதுக்குறவனும் தச்சன்தான் தம்பி. மரத்துல பார்த்தவன் எப்படிப் பார்த்தான்னு ஒருத்தன் உக்காந்து கவனிச்சிருக்கான் பாருங்க. மரம் போயிரும். இது நிக்கும்ல" அப்படின்னார். அவர் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. ரெடிமேட் கதவு வந்தப்புறம் பட்டறைக்கு வேலையும் குறைஞ்சு போச்சு. எங்களை ஏன் சும்மா கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லித்தர்றார்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ஸ்டூல் தை மாசம் முடிஞ்சுது. அப்பத்தா முதல்ல உக்காரலை, தடவிப் பார்த்துச்சு. "இம்புட்டு மஞ்சளாவா இருந்துச்சு உள்ள"ன்னுச்சு. அப்புறம் உக்காந்து, கால் ரெண்டும் தரையில பதியுதான்னு பார்த்துட்டு, அதைத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு வரச்சொல்லுச்சு. அந்த வெறும் எடத்துக்குப் பக்கத்துல போட்டு உக்காந்து, புதுசா எங்க குழி தோண்டணும்னு அப்பாவுக்கு ஆர்டர் போட ஆரம்பிச்சிருச்சு.

கொட்டகையில இன்னும் மூணு பலகை இருக்கு. இப்போ காயில் தம்பியும் நானும் ஒரு பெட்டிக்கு மூலை சேர்க்குறதைப் பழகிட்டு இருக்கோம். உங்க ஊர்லயும் பட்டறை திறந்திருக்குற ஆசாரி யாராச்சும் இருந்தா, ஒரு ஞாயிறு வடை வாங்கிட்டுப் போய்ப் பாருங்க.

டிஸ்கி: 'எனக்கும் ஒரு ஸ்டூல் செஞ்சு தா'ன்னு கேக்குற நண்பர்கள் முதல்ல நாலு ஞாயிறு உளி தீட்டிட்டு வரவும்.