பால் கக்கும் குழந்தையும் அத்தையின் உரைகல்லும்



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் பயிற்றி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மகப்பேறு விடுப்பு முடிந்து அண்மையில் பணிக்குத் திரும்பிய இளம் ஆசிரியை ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். பல நாள் உறக்கமில்லாத கண்கள். “டீச்சர், பிள்ளைக்கு மூணு மாசம். குடிக்கிற பாலையெல்லாம் கக்குறான். ராத்திரியில நெளிஞ்சி நெளிஞ்சி அழறான். மருந்து கொடுக்கப் பயமா இருக்கு. இயற்கையா ஏதாச்சும் வழி இருக்கா?” என்று கேட்டார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. இதே கேள்வியைச் சுமந்துகொண்டு நான் அலைந்த 2009ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி நான் செய்த பிழையும் உடன் வந்தது. அவரிடம் பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு தாய் என்ற அளவில் படியுங்கள்.

அப்போது நாங்கள் பீடோங் அருகே, பழைய தோட்டம் ஒன்றை ஒட்டிய குடியிருப்பில் என் மாமியாருடன் வசித்தோம். அத்தை அத்தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் பல்லாண்டு வேலை செய்தவர். இன்றைய இளம் பெற்றோர் பலருக்கு ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்றே தெரியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் பால்மரத் தொழிலாளர்கள், உறங்கும் கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்துச் செல்லும் பலகைக் கொட்டகை அது. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகள்வரை பார்த்ததாக அத்தை சொல்வார். எந்தப் பிள்ளையின் அழுகை பசி, எது வயிற்று வலி என்று சமையற்கட்டில் இருந்தபடியே கூறிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன பேசிவிட முடியும்?

என் இரண்டாவது மகள் 2008 நவம்பரில் பிறந்தாள். அரசுப் பணியில் இருந்த எங்களுக்கு அந்நாளில் மகப்பேறு விடுப்பு 60 நாள்தான். சனவரியில் பள்ளி திறந்ததும் பகலில் புட்டிப்பால், இரவில் தாய்ப்பால் என்று மாற்றினேன். அன்று தொடங்கியது தொல்லை. பால் குடித்த சிறிது நேரத்தில் தயிர்போல் திரிந்து தோளெல்லாம் வழியும். புளித்த வாடை. சில வேளைகளில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவாள்.

பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் வந்து, “குடலேத்தம், கால் ரெண்டையும் பிடிச்சித் தலைகீழாத் தூக்கித் தட்டினா சரியாப் போகும்” என்றார். அத்தை ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். “என் கையில இத்தனை புள்ளைங்க வளந்துச்சி, ஒண்ணையும் நான் தலைகீழாப் பிடிச்சதில்ல.” அவர் செய்தது வேறு. பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் மெல்லத் தட்டுவார். ஏப்பம் வந்த பிறகும் கீழே கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்தபடியே வாசலில் நடப்பார். அரைமணி நேரம் ஆகும். “கொட்டகையில ஒவ்வொண்ணா தூக்கிக்கிட்டு நடந்தே என் காலு தேஞ்சிபோச்சி” என்பார் சிரித்துக்கொண்டே.

ஆனால், அவரிடம் ஓர் உரைகல்லும் இருந்தது. சுக்கு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், இவற்றோடு வசம்பு. தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இரண்டு இழுப்பு உரைத்து நாக்கில் தடவுவார். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பொழுது சாய்ந்த பின் அத்தை அதன் பெயரை உச்சரிக்கமாட்டார். ‘பேர் சொல்லாதது’ என்றுதான் கேட்பார். இத்தனை மரியாதை பெற்ற மருந்து தவறு செய்யுமா என்று எனக்கும் ஐயம் எழவில்லை.

அதோடு நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். சுங்கைப்பட்டாணி இரவுச் சந்தையில் ‘கலப்படமற்ற இயற்கைத் தேன்’ என்று ஒரு போத்தல் வாங்கிவந்து, அத்தைக்குத் தெரியாமல் ஒரு வாரம் விரல் நுனியில் தொட்டு வைத்தேன். வயிற்றெரிச்சல் தணியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. அது மட்டுமன்று, கக்கிய பாலுக்கு ஈடாக உடனே அடுத்த புட்டியைக் கலக்கினேன். பள்ளிக்குப் போகுமுன் பிள்ளை வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்பது என் பதற்றம்.

சனவரி மாதக் கடைசியில் ஒரு மாலை, உரைமருந்து கொடுத்துச் சிறிது நேரத்தில் மகள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தாள். பிறகு அழக்கூட இல்லை. கண் செருகிக் கிடந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இளம் பெண் மருத்துவர் பரிசோதித்துக்கொண்டே, “பாலைத் தவிர வாயில் என்னவெல்லாம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். அத்தை ஒளிக்காமல் ஐந்து சரக்கையும் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. ஆசிரியை அல்லவா, நாக்கு கூசியது. மருத்துவர் இரண்டாம் முறை, “வேறு ஒன்றும் இல்லையே? தேன்?” என்று கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தேனில் ஒருவகை நுண்ணுயிரியின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதன்முதலாக இந்நோய் அடையாளம் காணப்பட்டது. தேன் எவ்வளவு தூயதாக இருந்தாலும் இந்த ஆபத்து குறைவதில்லை. அறிகுறி தோன்றச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்றார் மருத்துவர். மலச்சிக்கல், சப்பிக் குடிக்கும் வலுக் குறைதல், அழுகுரல் மெலிதல் ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னார். அன்பர்களே, அதன்பிறகு ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று எழுத இயலவில்லை. முன்பு அவள் அழுதால் அஞ்சினேன். அந்த ஒரு மாதம் அவள் உரக்க அழுதால்தான் எனக்கு மூச்சு வந்தது. நல்லவேளையாக எதுவும் நேரவில்லை.

வசம்பின் கதையும் அன்றுதான் தெரிந்தது. அதிலுள்ள ‘பீட்டா அசரோன்’ என்னும் பொருளின் காரணமாக அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டது. உட்கொண்டால் கடும் வாந்தி வருவது அதன் அறியப்பட்ட விளைவு. வாந்தியை நிறுத்த நாம் கொடுத்த மருந்தே வாந்தியை வரவழைக்கும்!

ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். காலையில் மகள் தெளிந்துவிட்டாள். மருத்துவர் என்னிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னார். குழந்தையின் எடை 5 கிலோ. புட்டிப்பால் குடிக்கும் அவ்வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஆக 750. நான் பகலில் மட்டும் 5 அவுன்ஸ் வீதம் ஆறு புட்டி கொடுத்திருந்தேன். 30 அவுன்ஸ், 900 மில்லிலிட்டர். இரவில் தாய்ப்பால் வேறு. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொள்ளளவு கற்பிப்பவள் நான். என் பிள்ளையின் வயிற்றின் கொள்ளளவை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மையில் நடப்பது இதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு வளையத்தசை இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு அது இன்னும் முதிரவில்லை. பாலோ நீர்மம், குழந்தையோ பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. எனவே பால் மேலே வருகிறது. நான்காவது மாதத்தையொட்டி இது உச்சத்தில் இருக்கும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அவ்வயதில் தினமும் கக்குகின்றன. உட்காரவும் நிற்கவும் தொடங்கியபின் குறைந்து, ஒரு வயதையொட்டிப் பெரும்பாலோருக்கு நின்றுவிடுகிறது. எடை கூடிக்கொண்டு, சிரித்து விளையாடும் குழந்தை கக்கினால் அது நோயன்று. துவைக்க வேண்டிய துணிதான் அதிகம்.

ஆகவே, குறைந்த அளவில், இடைவெளி விட்டுப் பால். நடுவிலும் முடிவிலும் ஏப்பம். பிறகு இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்தல். புட்டியின் காம்பு முழுவதும் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்தால் காற்றை விழுங்காது. ஓட்டை பெரிதாக இருந்தால் காம்பை மாற்ற வேண்டும். வயிற்றை இறுக்கக் கூடாது. நம் மலாய் அண்டை வீட்டார் கட்டும் ‘பாருட்’ துணியை அன்பாக எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். அதை மடித்து வைத்துவிட்டேன். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அதுவும் குழந்தையின் எதுக்களிப்பைக் கூட்டும். தாய்ப்பால் கிடைக்குமானால் அதற்கு ஈடில்லை. பிறகு நான் பள்ளியின் பாடநூல் கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்துக் குளிர்பெட்டியில் கொண்டுவந்தேன். அப்போதைய தலைமையாசிரியர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். அதை என்றும் மறவேன்.

உறக்கத்தைப் பற்றி ஒன்று. கக்கும் குழந்தை மல்லாந்து படுத்தால் மூச்சடைத்துவிடும் என்று குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைப்பவர் உண்டு. கடுகுத் தலையணையால் தலையை உயர்த்துவோரும் உண்டு. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், மேலெழும் பால் மூச்சுக்குழாய்க்குள் ஏறிப் போவது கடினம். சமதளமான, உறுதியான மெத்தையில், தலையணையின்றி மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. நம் வீடுகளில் இல்லாமல் முடியாத ஸ்பிரிங் தொட்டிலில் குழந்தை வளைந்து கிடக்கிறது; மோவாய் மார்பில் படிகிறது. இதில்தான் அத்தைக்கும் எனக்கும் நெடுநாள் பிணக்கு. இருவரும் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லமாட்டேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

2018இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியைப் பின்னாளில் படித்தேன். வேறு கோளாறில்லாமல் கக்கும் குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்து வேண்டாம் என்கிறது. மூலிகை மருந்துகளையும் பரிந்துரைக்கவில்லை. பாலின் அளவைச் சீர்செய்தும் தொல்லை தீராவிட்டால், பசும்பாலின் புரதம் ஒவ்வாமல் இருக்கலாம் என்று இரண்டு முதல் நான்கு வாரம் அதை விலக்கிப் பார்க்கச் சொல்கிறது. பாலைக் கெட்டியாக்குவதும் அதில் உண்டு. இவை மருத்துவர் சொல்லிச் செய்யவேண்டியவை. நாமாகப் புட்டியில் அரிசி மாவைக் கரைக்கக் கூடாது.

‘கிரைப் வாட்டர்’ பற்றிக் கேட்பீர்கள். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வார்டு என்பவர் உருவாக்கியது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, இவற்றோடு மதுவும் இருந்தது. 1990களில்தான் அங்கு மதுவை நீக்கினார்கள். நம் பாட்டிமார் காலத்துப் பிள்ளைகள் அமைதியாக உறங்கியதன் இரகசியம் சதகுப்பை மட்டுமன்று போலும். டின் பாலும் அப்படித்தான். 1939இலேயே, மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டுச் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றி, இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கண்டித்தார். அந்தக் குரல் நம் தோட்டங்களுக்கு எட்ட எத்தனை காலமாயிற்று! அத்தையின் கொட்டகையிலும் டின் பால் கரைத்துத்தான் கொடுத்தார்களாம்.

இவற்றுள் எதைக் கண்டாலும் வீட்டில் காத்திராதீர்கள்: வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வருதல், ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்தல், குறிப்பாக முதலிரண்டு மாதங்களில், எடை கூடாமை, பாலை மறுத்தல், சிறுநீர் குறைதல், காய்ச்சல், உச்சிக்குழி புடைத்தல், மூச்சு நின்று நீலம் பாரித்தல். ஆறு மாதத்திற்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தியும் காட்டவேண்டியதே.

நிற்க. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் உரைகல்லைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். குழந்தையின் கையிலிருந்த வசம்பு வளையலைக் கழற்றினார். அதைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினார். “வாயில படக்கூடாது, அவ்வளவுதானே?” என்றார். தேனைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்று மாலையும் வழக்கம்போல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தார். பத்தாம் மாதத்தில் மகள் கக்குவதை நிறுத்தினாள்.

இளம் ஆசிரியையிடம் மூன்று நாளைக்குக் கொடுக்கும் பாலை அவுன்ஸ் கணக்கில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். நேற்றுக் கொண்டுவந்தார். குழந்தை 6 கிலோ. ஒரு நாளைக்கு 38 அவுன்ஸ். தாளைப் பார்த்து இருவரும் கூட்டினோம், பெருக்கினோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரும் செவ்வாய்க்கிழமை மிசியிடம் எடை பார்க்கப் போகிறார்.