கணக்கில் வராத காத்திருப்பு

கடல் கடந்த மடல் – பிராம்ப்டன், கனடா

பாவூர்சத்திரம் சந்தையில் சாயங்காலம் ஏற்றுகிற கத்தரியும் வெண்டையும் மறுநாள் விடியும்போது கொல்லத்திலும் புனலூரிலும் இறங்கியாக வேண்டும். சுரண்டைக் காய்கறி, புளியங்குடி எலுமிச்சை, ஆலங்குளம் பக்கத்து மிளகாய் என்று தென்காசிச் சீமையில் விளைகிறதில் நல்ல பங்கு மலைக்கு அந்தப் பக்கத்துச் சமையலறைகளுக்குத்தான் போகிறது. இதோடு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய பல சக்கர லாரிகள் வேறு. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் குளிக்க வருகிறவர்களின் கார்களும் வேன்களும் சேர்ந்துகொள்ளும். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று போகிற அந்த 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கொல்லத்துக்கு நூறு கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து, சரக்கை இறக்கி, காலி வண்டியோடோ ரிட்டர்ன் லோடோடோ திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று எந்த ஓட்டுநராலும் சொல்ல முடியாது. செக்போஸ்ட்டில் நிற்க வேண்டும், புளியரையின் எஸ் வளைவில் நெரிசலில் நிற்க வேண்டும், இறக்குகிற இடத்தில் முறைக்காக நிற்க வேண்டும்.

அவருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ பேசப்பட்டிருக்கும். சாப்பாட்டுக்குப் பேட்டா தனி. நின்ற நேரத்துக்கு ஒரு காசு கிடையாது.

இந்த ஓட்டுநரின் நிலையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவருக்கு இந்தப் பக்கமும் சங்கம் இருக்கிறது, அந்தப் பக்கமும் சங்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பது லாரி உரிமையாளர்கள் சங்கம். அந்தப் பக்கம் இருப்பது கேரளத்துச் சுமைப்பணித் தொழிலாளர் சங்கங்கள். சரக்கைக் கொண்டுபோகிற அவருக்குத்தான் ஒன்றும் இல்லை.

கேரளத்துச் சங்கங்களைப் பற்றித் தென்காசி லாரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கோபம்தான் முதலில் வரும். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. தூக்காத சுமைக்கும் கூலி கேட்பது, இயந்திரம் இறக்கினாலும் சொந்த ஆள் இறக்கினாலும் பக்கத்தில் நின்று பார்த்ததற்குப் பணம் வாங்குவது, அதாவது நோக்குக்கூலி, அங்கே பல ஆண்டுகள் நடந்தது. 2018 மே 1 முதல் கேரள அரசே அதைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் வழக்கம் சட்டென்று சாகவில்லை. 2021 செப்டம்பரில் தும்பா விண்வெளி மையத்துக்குக் கனரகக் கருவி ஏற்றிவந்த வண்டியையே அப்பகுதியினர் சிலர் மறித்துப் பணம் கேட்டார்கள். அதே ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் இதைப் பணம் பறிக்கும் குற்றமாகக் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று காவல்துறையிடம் கண்டிப்பாகச் சொன்னது. நோக்குக்கூலி அநியாயம் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் அந்தச் சங்கங்களின் கதை நோக்குக்கூலியோடு முடிந்துவிடுவதில்லை. 1978-இல் கேரளம் சுமைத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மூட்டை தூக்குகிறவர் அன்றைக்குக் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்ற நிலையில் இருந்தார். சட்டம் வந்தபின் பதிவு அட்டை, பேசி முடித்த கூலி விகிதம், தகராறு வந்தால் போய் நிற்க ஓர் அதிகாரி, நல வாரியம், வாரியத்துக்கு வணிகர்களும் செலுத்த வேண்டிய பங்கு என்று ஒவ்வொன்றாய் வந்தன. முதுகெலும்பு தேய மூட்டை தூக்கியவருக்கு வயதான காலத்தில் ஏதோ கையில் கிடைக்கிறது. அதே சரக்கை மலை தாண்டிக் கொண்டுவந்து, தார்ப்பாய் அவிழ்த்து, வண்டியோரம் நிற்கிற தமிழ்நாட்டு ஓட்டுநருக்கு அப்படி என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென ஒரு நல வாரியம் உண்டு. விபத்து மரண உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கின்றன. பதிந்துகொண்டவருக்குத்தான் அவை கிடைக்கும். கூலியையும் வேலை நேரத்தையும் பேசித் தீர்ப்பது அந்த வாரியத்தின் வேலையே இல்லை.

‘சங்கம் வந்தால் வேலை கெட்டுப்போகும்’ என்பது செங்கோட்டைப் பக்கத்தில் மட்டுமல்ல, கனடாவிலும் காதில் விழுகிற பேச்சு. டொரொன்டோவுக்கு மேற்கே பிராம்ப்டன் நகரம் லாரித் தொழிலின் கூடாரம். ஓட்டுநர்களில் பஞ்சாபியர் அதிகம். இங்கே சில ஆண்டுகளாக ‘டிரைவர் இன்க்’ என்றொரு ஏற்பாடு பரவியிருக்கிறது. வேலைக்கு வருகிற ஓட்டுநரை அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் பதியச் சொல்வார்கள். பிறகு அவர் தொழிலாளி இல்லை, ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவார். கூடுதல் நேரக் கூலி, நோய் விடுப்பு, வேலையை விட்டு நிறுத்தினால் இழப்பீடு எதுவும் கேட்க முடியாது. சட்டப்படி நெடுஞ்சாலை ஓட்டுநருக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் கூலி தர வேண்டிய நாடு இது. அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போகத்தான் இந்த வழி. சம்பளமே தராமல் ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். 2021-இல் பிராம்ப்டன் இளைஞர்கள் ‘நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க்’ என்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, பாக்கி வைத்த முதலாளிகளின் வீட்டு வாசலில் பதாகையோடு நின்றார்கள். பல பேருக்குப் பணம் வந்தது. அவர்கள் பதிவு பெற்ற தொழிற்சங்கம் அல்ல. ஆனாலும் சங்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இந்த விவகாரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1964-இல் ஜிம்மி ஹோஃபா தலைமையில் டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் சங்கம் நாடு முழுமைக்கும் ஒரே சரக்கு ஒப்பந்தம் போட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் அதன் கீழ் வந்தார்கள். லாரி ஓட்டி வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தலைமுறை அது. ஹோஃபா சிறைக்குப் போனதும் சங்கத்துக்குள் ஊழல் புரையோடியதும் அதே வரலாற்றில் உள்ளவைதான். 1980-இல் வந்த மோட்டார் கேரியர் சட்டம் தொழிலைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் லாரி கம்பெனி தொடங்கலாம், வாடகையைக் குறைக்கலாம் என்றானது. சரக்குக் கட்டணம் இறங்கியது, நுகர்வோருக்கு லாபம். ஓட்டுநரின் வருமானமும் கூடவே இறங்கியது. சங்கத்தில் இல்லாதவர்களின் கூலி ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று ஆனது. கிட்டங்கி வாசலில் நிற்கிற நேரம் கணக்கில் வராது. தென்காசி நடைக்கூலியும் அமெரிக்க மைல்கூலியும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

நிற்கிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன கெடும்? அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரியாக 15 நிமிடம் கூடுதலாக நிறுத்தினால், விபத்து வீதம் 6.2 சதவீதம் உயரும் என்பது அதன் முடிவு. காரணம் லேசாகவே புரியும். இழந்த நேரத்தை ஓட்டத்தில்தான் பிடிக்க வேண்டும். தூக்கத்தைக் குறைக்க வேண்டும், வேகத்தைக் கூட்ட வேண்டும்.

புளியரை எஸ் வளைவைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் சதவீதமாகத் தெரியாது. 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்கு பிளைவுட் ஏற்றிவந்த லாரி அந்த இறக்கத்தில் சாலையை விட்டு, கீழே ஓடும் ரயில் பாதையில் போய் விழுந்தது. ஓட்டுநர் அங்கேயே இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த ஒரு முதிய தம்பதி சத்தம் கேட்டு எழுந்து, தண்டவாளத்தின் வழியே டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அவர்கள் இருவருக்கும் முதலமைச்சர் 5 லட்ச ரூபாய் பரிசளித்தார். நாடே அந்தத் தம்பதியைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். இறந்த ஓட்டுநர் எந்த முறையில் கூலி பெற்றார், கடைசியாக எப்போது தூங்கினார் என்ற கேள்விகள் அந்தப் பாராட்டுக்கிடையே எழவில்லை. லாரி கவிழ்ந்தால் செய்தியில் வண்டி நம்பர் வரும், சரக்கு மதிப்பு வரும். வேலை நேரம் வருவதில்லை.

சரி, நியாயமான கூலி கொடுத்தால் தொழில் நடக்குமா? வியாபாரி கேட்கிற கேள்வி இது, தவறான கேள்வியும் இல்லை. இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. ஜே.பி. ஹண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நெடுந்தூர ஓட்டுநர்களுக்குச் சங்கம் கிடையாது. 1997-இல் அது தானாகவே கூலியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்தியது. மாதத்துக்கு மாதம் ஓடிப்போகிற ஓட்டுநர்கள் நிலைத்தார்கள், அனுபவசாலிகள் வேலை தேடி வந்தார்கள், விபத்துகள் ஏறக்குறைய பாதியாயின. பேராசிரியர் மைக்கேல் பெல்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சங்கம் உள்ள பக்கம் யூபிஎஸ் பார்சல் நிறுவனம். 2023-இல் அங்கே 3,40,000 பேர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். 2023 ஒப்பந்தத்தின் முடிவில் முழுநேர ஓட்டுநருக்குச் சம்பளமும் சலுகையும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 1,70,000 டாலர் ஆகும் என்று நிறுவனத் தலைவரே சொன்னார். அவ்வளவு கொடுக்கிற நிறுவனம் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுகிறது. எந்த வண்டி எந்தத் தெருவில் எந்த வரிசையில் போக வேண்டும் என்று கணினி சொல்கிறது. மனித நேரம் விலையுள்ளதாக ஆனதும் அதை வீணாக்காமல் இருக்க நிர்வாகம் கற்றுக்கொண்டது என்பதே சரியான வாசிப்பு.

எதிர்ச் சாட்சியும் அதே 2023-இல் வந்தது. சங்கம் உள்ள யெல்லோ என்ற பழைய லாரி நிறுவனம் அந்த ஆகஸ்ட்டில் திவாலானது. 30,000 பேர் வேலை இழந்தார்கள், அவர்களில் 22,000 பேர் சங்கத்தினர். முதலாளிகள் சங்கத்தைக் குறை சொன்னார்கள். சங்கமோ, உறுப்பினர்கள் பல ஆண்டுகள் தங்கள் கூலியையும் ஓய்வூதியத்தையும் விட்டுக்கொடுத்தும் நிர்வாகம் கடனில் மூழ்கடித்தது என்றது. சங்கம் இல்லாத ஓல்ட் டொமினியன் அதே தொழிலில் கொழிக்கிறது. ஆகவே சங்கம் இருந்தால் தொழில் செழிக்கும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கெட்டுப்போகும் என்றும் சொல்ல முடியாது. ஜே.பி. ஹண்ட் கொடுத்தது முதலாளி மனம் வைத்துக் கொடுத்தது, மனம் மாறினால் நிறுத்தலாம். யூபிஎஸ் கொடுப்பது எழுதிக் கையெழுத்திட்டது. சங்கம் வேண்டும் என்று சொல்வதற்கு அந்தக் கையெழுத்து ஒன்றே போதுமான காரணம்.

இந்தியாவிலும் ஓட்டுநரின் வேலை நேரம் எழுத்தில் இல்லாமல் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூரம் என்றால் 10, 54 வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. நம் நாட்டில் பெரும்பாலான லாரிகள் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. தவணை கட்டி, டயர் வாங்கி, தானே ஸ்டியரிங் பிடிக்கிற உரிமையாளர்கள் தென்காசியிலும் உண்டு. அவர்களும் வாடகை பேசும் புக்கிங் ஆபீஸுக்கு முன்னால் கைகட்டித்தான் நிற்கிறார்கள். சட்டம் இந்த வண்டிகளின் வாசலுக்கே வரவில்லை.

‘லாரி ஸ்டிரைக்’ என்று நாம் செய்தித்தாளில் படிப்பதும் பெரும்பாலும் உரிமையாளர்களின் வேலைநிறுத்தமே. 2018 ஜூலையில் எட்டு நாள் நாடெங்கும் லாரிகள் நின்றன. டீசல் விலை, சுங்கச்சாவடி, காப்பீட்டுக் கட்டணம் ஆகியவையே முன்னால் நின்ற கோரிக்கைகள். ஓட்டுநர் தனக்காகத் தானே வண்டியை நிறுத்தியது 2024 ஜனவரியின் முதல் இரண்டு நாட்களில். விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப்பிரிவை எதிர்த்து, வடக்கிலும் மேற்கிலும் தலைவர் யாரும் இல்லாமலே நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. மத்திய அரசு இறங்கிவந்தது. ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது 106(2) என்ற அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். பேச்சுவார்த்தை மேசையில் ஓட்டுநர்கள் பெயரால் உட்கார்ந்திருந்தது உரிமையாளர் அமைப்பான அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ்.

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நல்ல ஆணை, வரவேற்க வேண்டிய ஆணை. யூபிஎஸ் வண்டிகளுக்கும் 2024 முதல் வாங்குகிறவற்றில் ஏசி உண்டு. அது பேரம் பேசிப் பெற்றது, வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்துப் பெற்றது. அங்கே நாளை ஏசி ஓடாவிட்டால் புகார் சொல்லச் சங்கம் இருக்கிறது. இந்தியாவில் டீசல் மிச்சம் பிடிக்க ஏசியைப் போடாதே என்று உரிமையாளர் சொன்னால் ஓட்டுநர் யாரிடம் போவார்?

மலைக்கு இந்தப் பக்கத்து வியாபாரிகளிடமும் உரிமையாளர்களிடமும் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. லாரி ரசீதில் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: வண்டி வந்து நின்ற நேரம், இறக்கி முடித்த நேரம். அமெரிக்கச் சரக்குத் தொழிலில் முதல் இரண்டு மணி நேரம் போகத்தான் காத்திருப்புக் கட்டணம் கேட்பது வழக்கம். அதையே தென்காசியிலும் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்து வாங்குங்கள். வாங்கிய அந்தக் காத்திருப்புப் பணத்தில் ஒரு பங்கை ஓட்டுநர் கையில் கொடுங்கள். நிறுத்திவைத்தால் பணம் போகும் என்று தெரிந்தால் கொல்லத்து மண்டியும் சீக்கிரம் இறக்கும். காய்கறி வாடாது, அடுத்த நடையும் நேரத்துக்குக் கிளம்பும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு சொல். நல வாரியத்தில் பெயர் பதியாதவர்கள் முதலில் பதியுங்கள். சுமைப்பணித் தொழிலாளர் மீதுள்ள கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு, 1978-இல் அவர்கள் என்ன கேட்டார்கள், எப்படி வாங்கினார்கள் என்று இறக்குமிடத்தில் நிற்கும் நேரத்தில் அவர்களிடமே கேளுங்கள். பிறகு உங்களுக்கென்று ஒன்றைத் தொடங்குங்கள். இந்தியச் சட்டத்தில் 1926 முதல் இன்றுவரை, சங்கம் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும்.