சபைக்கு நிருபர் வரவில்லை

எங்கள் ஊருக்கு வரும் தினசரி ஒன்றில் உள்ளூர்ச் செய்திகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. நாற்பது வருஷமாக அதை விடாமல் வாசித்து வருகிறேன். முன்பெல்லாம் அதைப் படித்து முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். இப்போது காப்பி ஆறுவதற்குள் முடிந்து விடுகிறது. பக்கம் என்னவோ குறையவில்லை. ஜவுளிக் கடை விளம்பரமும், பிரமுகர்களின் பிறந்த நாள் வாழ்த்தும், பொன்னாடை போர்த்தும் படங்களும் இடத்தை அடைத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய மூலையில் ஒரு விபத்தும் ஒரு திருட்டும் இருக்கும். ஊரில் வேறொன்றும் நடப்பதில்லை போலும்!

நடக்காமல் என்ன? 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம் என்ற செய்தி சென்னையிலிருந்து வந்தது, அச்சாயிற்று. அதைப் பற்றி எங்கள் நகரசபையில் யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும் ஒரு வரிகூட வரவில்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2016 அக்டோபரில் நகரசபைகளின் பதவிக் காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். அங்கத்தினர் இல்லாத சபையில் நிருபருக்கு என்ன வேலை? அவர் போவதை நிறுத்திக்கொண்டார். பிறகு அங்கத்தினர்கள் வந்து விட்டார்கள், நிருபர்தான் வரவில்லை.

அவரை நொந்து பயனில்லை. தாலுகா முழுவதற்கும் அவர் ஒருவர். விளம்பரங்கள் செல்போனுக்குக் குடிபோய்விட்டபடியால், தீபாவளி மலருக்கு விளம்பரம் சேகரிப்பதும் அவர் தலையில்தான் விழுகிறது. காலையில் கான்டிராக்டரிடம் விளம்பரம் கேட்டவர், மாலையில் அவரிடமே சாக்கடைக் கணக்கை எப்படிக் கேட்பார்?

விளைவை எங்கள் தெருவே அனுபவித்தது. குளத்தங்கரையில் குப்பைக் கிடங்கு அமைக்கப் போகிறார்கள் என்பது, முதல் லாரி வந்து நின்ற அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீர்மானம் நிறைவேறி மூன்று மாதம் ஆகியிருந்தது! ஆட்சேபணைக்குக் கொடுத்த கெடுவும் கடந்து போயிற்று. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. கதவு திறந்த சபையில்தான் எல்லாம் நடந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

"செல்போனில்தான் எல்லாம் வந்து விடுகிறதே!" என்கிறார்கள் இளைஞர்கள். சபையில் நாற்காலி பறந்தால் வரும், வாஸ்தவம். நாற்காலி பறக்காமல், "ஆமோதிக்கிறேன்" என்ற ஒரு சொல்லில் பல லட்சம் ரூபாய் பறந்தால், அது எதில் வரும்? மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒருவருடைய பேனாவில்தான் வர வேண்டும்.

1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கியபோது, இங்கிலீஷ் அறியாத ஜனங்களும் ராஜாங்க விவகாரங்களை அறிய வேண்டும் என்று கருதினார். இன்று டில்லி விவகாரம் நம் விரல் நுனியில் இருக்கிறது. அடுத்த தெரு விவகாரந்தான் எட்டாத தூரத்தில் இருக்கிறது!

சந்தா கட்டும் நேயர்கள் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். நகரசபை கூடும் நாளில் மட்டும் ஒரு நிருபரை அனுப்பும்படியும், அவரை அன்று விளம்பரம் கேட்க அனுப்பாதிருக்கும்படியும் கேட்டால் போதும். பின் வரிசையில் ஒருவர் குறிப்பெடுக்கிறார் என்று தெரிந்தாலே, முன் வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கையைத் தூக்குவார்கள்.