தலை வலிக்குதா, தீதி?

காலை ஆறரை மணி. டிங்போச்சேயில் ஒரு லாட்ஜ். சாப்பாட்டு அறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கைடு தினமும் கேட்கும் அதே மூன்று கேள்விகள். தூங்கினீங்களா? பசிக்குதா? தலை வலிக்குதா?

"எல்லாம் ஓகே" என்றார் பெங்களூருவிலிருந்து வந்திருந்த அந்த 42 வயதுப் பெண். பொய். ராத்திரி முழுக்க நெற்றிப் பொட்டு தெறித்துக்கொண்டிருந்தது.

நேபாளத்தில், எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகும் பாதையில் 4,410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டிங்போச்சே. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். இன்னும் மூன்றே நாள். மூன்று வருஷம் சேர்த்த பணம், கெஞ்சி வாங்கிய லீவு. யாருக்குத்தான் உண்மையைச் சொல்ல மனசு வரும்?

லுக்லாவில் விமானம் இறங்கியதிலிருந்து நாள் எல்லாமே ஒரே மாதிரிதான். விடிந்ததும் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். போர்ட்டர் அதைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே அடுத்த ஊரில் இருப்பார். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று மெதுவாக நடக்கச் சொல்லியபடியே கைடு வருவார். எதிரே யாக் மாடுகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் மாடு இடித்துத் தள்ளிவிடும். மதியத்துக்கு மேல் லாட்ஜ். குளியல் மறந்துபோகும், வெந்நீருக்குக் காசு, போன் சார்ஜுக்கும் காசு. எல்லாமே முதுகில் சுமந்து வந்தவை என்பதால் மேலே போகப் போக விலையும் ஏறும். சாயங்காலம் யாக் சாணி எரியும் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். எட்டு மணிக்குத் தூக்கம். தண்ணீர் பாட்டில் உறைந்துவிடாமல் இருக்க அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும்.

நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஓய்வு நாள் உண்டு. பேருக்குத்தான் ஓய்வு! அன்றைக்கும் ஒரு மேடு ஏறி இறங்கித்தான் தூங்க வேண்டும். குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகுவதற்கு அதுதான் வழி.

அன்று அந்த ஓய்வு நாள்தான். ஏறி இறங்கியாயிற்று. ராத்திரி விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்ததில் 84. கீழே என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அங்கே அதற்கு யாரும் பதறுவதில்லை. கைடு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு தட்டையும் பார்த்தார். தால் பாத் அப்படியே இருந்தது.

"தலை வலிக்குதா, தீதி?" அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். குரலை இறக்கி, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்.

அப்புறம் மறைக்க முடியவில்லை. தலைவலியோடு இன்னும் மேலே போனால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை கொடுத்து, விடியும்வரை இரண்டு முறை வந்து பார்த்தார். காலையிலும் வலி குறையவில்லை. குழு மேலே லோபுச்சேக்குப் புறப்பட்டது. துணை கைடு அவரைக் கீழே பாங்போச்சேக்கு அழைத்துப்போனார்.

வழியில் கொஞ்ச நேரம் அழுதார். துணை கைடு நாலடி முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாங்போச்சேயில் தால் பாத் வந்தது. பருப்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அதே கேள்வி.

தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சூண்டு இருக்கு" என்றார்.