கூரை திறந்த காரும் கவாய்த் தீவும்

கார் எது என்று பேசுவதற்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஹவாய்த் தீவுகளில் வணிகக் காற்று ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. கவாயில் அது கடலின் ஈரத்தோடு வந்து, தீவின் நடுவே 5,000 அடிக்கு மேல் நிற்கும் வாயாலேயாலே மலையில் முட்டுகிறது. வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்ததும் கொட்டுகிறது. அந்த உச்சியின் ஆண்டு மழை 370 அங்குலத்துக்கு மேல் என்று ஒரு கணக்கு, 450 என்று ஒரு பழைய கணக்கு. எதை எடுத்துக்கொண்டாலும் சரி, சென்னைக்கு வருஷம் முழுவதும் கிடைப்பது 55 அங்குலம். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. உச்சியிலிருந்து நேர்கோட்டில் பதின்மூன்று மைல் தள்ளி, தென்மேற்குக் கரையில் இருக்கும் வாய்மேயா ஊரில் 20 அங்குலத்தை ஒட்டித்தான் மழை.

ஆகவே கன்வர்டிபிள் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களை நான் முதலில் கேட்பது: ராத்திரி எந்தப் பக்கம் தங்குகிறீர்கள்?

நாங்கள் அறை போட்டிருப்பது வடக்கே, பிரின்ஸ்வில்லில்.

*

என் வீட்டுக்காரருக்கு மஸ்டாங் கன்வர்டிபிள் வேண்டும். "ஹவாய்க்குப் போய் கேம்ரியில சுத்தறதா?" என்கிறார். அதற்கு மேல் காரணம் கிடையாது. இந்த மாதிரி ஆசைக்குக் காரணம் கேட்பதும் தப்புதான்.

*

ஆசை எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். 1980 முதல் 1988 வரை ஓடிய ‘மேக்னம் பி.ஐ.’ தொடரில் டாம் செல்லக் சிவப்பு ஃபெராரியில் ஓவாஹூ தீவைச் சுற்றுவார். அது முழுக் கன்வர்டிபிள்கூட இல்லை. தலைக்கு மேலே இருக்கும் ஒரு பலகையை மட்டும் கழற்றி வைக்கிற மாடல். ஆறடி நாலங்குல மனிதர் அதற்குள் மடங்கி உட்கார்ந்ததால் தலை வெளியே தெரியும். அதற்கும் முன்னால், 1961-ல் வந்த ‘ப்ளூ ஹவாய்’ படத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்கு ஒரு சிவப்பு எம்ஜி கார். அந்தப் படத்தின் கல்யாணக் காட்சியை எடுத்தது கவாயில்தான், கோகோ பாம்ஸ் விடுதியில். 1992 செப்டம்பரில் வந்த இனிக்கி புயல் அந்த விடுதியைச் சிதைத்துவிட்டது. காரும் தீவும் சேர்ந்த அந்தப் படம் மட்டும் ஆண்களின் மண்டைக்குள் சேதமில்லாமல் இருக்கிறது.

இரண்டு கதையிலும் நாயகனுக்கு மாமியார் கூட வரவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

*

"நாலு சீட்டு இருக்கும்மா" என்று இவர் போனில் படத்தைக் காட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"பின்னால யாரு மாப்பிள்ளை உக்காருவா?"

"நீங்களும் பாப்பாவும்."

"காலை எங்க வைக்கிறது?"

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கினாலும் கால் வைக்கிற இடம் பெரிதாகவில்லை.

*

அம்மாவின் கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு, அவளுக்கே தெரியாதது. திறந்த காரில் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கிடைப்பது ஒரே காற்று இல்லை. முன்கண்ணாடியில் மோதுகிற காற்று மேலே எழும்பி, முன்சீட்டுக்காரர்களின் தலையைத் தாண்டிப் போய்ப் பின்சீட்டின் மேல் விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவு என்பதால் அதில் ஒரு பங்கு திரும்பி முன்பக்கம் இழுபடும். அதனால்தான் திறந்த காரில் தலைமுடி பின்னால் பறப்பதற்குப் பதிலாக முகத்தின் மேல் வந்து விழுகிறது. சினிமாவில் பறக்கிற மாதிரி ஒருநாளும் பறப்பதில்லை. சில கார்களில் முன்சீட்டுக்குப் பின்னால் வலைத் தடுப்பு ஒன்றை மாட்டி இதைத் தணிப்பார்கள். அதை மாட்டினால் பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது. காரைச் செய்தவர்களே பின்சீட்டை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாரலுக்கும் இதே கணக்கு. வண்டி ஓடுகிறவரை முன்னால் இருப்பவர்கள் அதிகம் நனைய மாட்டார்கள், துளிகள் காற்றோடு தலைக்கு மேலே போய்விடும். பின்னால் இருப்பவர்கள் நனைவார்கள். சிக்னலில் நின்றால் எல்லோருக்கும் சமநீதி.

மஸ்டாங்கில் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் கூரை வந்து மூடிக்கொள்ளும், பிறகு அந்தப் பிடியைத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஆனால் வண்டி ஏறக்குறைய நின்றிருக்க வேண்டும். வடகரைச் சாலையில் ஹனலே தாண்டினால் ஓரம் என்று ஒன்று பல இடங்களில் இல்லவே இல்லை. ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் பாலங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஐந்தாறு வண்டி போனால் நின்று எதிர்ப்பக்கத்துக்கு வழிவிடுவது அங்கே எழுதாத சட்டம். அந்த வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கூரை மூடுவதை ஊரே வேடிக்கை பார்க்கும்.

*

வெயில். கவாய் 22 டிகிரி வடக்கு, கிட்டத்தட்ட கல்கத்தாவின் அட்சரேகை. நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். திறந்த காரில் காற்று தோலைக் குளிர வைத்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரியும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிற தைரியத்தில் இருக்கிற உறவுக்காரர்கள் எனக்கு நிறைய. தோலும் உரியும், எரிச்சலும் வரும். பாப்பாவுக்குத் தொப்பி போட்டால் தொப்பி பறக்கும்.

(சன்ஸ்கிரீன் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டில் எது இருந்தாலும் அந்தக் களிம்பை விற்பதை 2021 ஜனவரி 1 முதல் ஹவாய் தடை செய்திருக்கிறது, பவளப் பாறைகளுக்கு ஆகாது என்று.)

*

பெட்டிகள். நாலு பேர், அம்மாவின் பெட்டியே இரண்டு ஆள் கணக்கு. மடங்கிய கூரைக்கும் இடம் வேண்டியிருப்பதால் கன்வர்டிபிளின் டிக்கி சாதாரண காரைவிடச் சின்னது. லிஹூயே விமான நிலையத்திலிருந்து பிரின்ஸ்வில் போகிற வரைக்கும் பாப்பா ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொன்னதும் இவர் கொஞ்சம் அசைந்தார்.

கடற்கரை வாகன நிறுத்தங்களில் வண்டிக்குள் பொருள் எதையும் விட்டுப்போகாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது அலங்காரத்துக்கு வைத்த பலகை இல்லை. துணிக்கூரைக்கு ஒரு கத்தி போதும். வாடகைக் கார் என்பதும் பார்த்ததும் தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர் ஓட்டுவது டொயோட்டா டகோமா மாதிரியான பிக்கப் வண்டி, பின்னால் அலைச்சறுக்குப் பலகை. பளபளவென்று கூரை திறந்து வருகிற மஸ்டாங் என்றால் விருந்தாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி.

*

நெற்றி என்றதும் கோயில் ஞாபகம் வருகிறது. இந்தப் பயணத்துக்கு அம்மா சம்மதித்ததே அதற்காகத்தான். வாய்லுவா ஆற்றங்கரையில் கவாய் ஆதீனம் இருக்கிறது. நிறுவியவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி, கலிஃபோர்னியாவில் பிறந்த அமெரிக்கர். 1949-ல் யாழ்ப்பாணம் போய் யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர். 1970-ல் கவாயில் இடம் பிடித்தார். அங்கே இருக்கும் இறைவன் கோயில் முழுக்கக் கருங்கல். பெங்களூர் அருகே உளியாலும் சுத்தியாலும் கையால் செதுக்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் அடுக்கியிருக்கிறார்கள். குடமுழுக்கு 2023 மார்ச்சில். உள்ளே சுமார் 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம். மதுரைக்காரிக்கு மீனாட்சி கோயிலை விட்டால் கல் கோயில் எதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. ஆனால் பசிபிக் நடுவில் ஒரு சிவன் என்றதும் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள்.

ஆதீனத்தில் உடை அடக்கமாக இருக்க வேண்டும். அம்மா பட்டுப் புடவை, இவர் வேட்டி. திறந்த காரில் வேட்டி கட்டிக்கொண்டு ஐம்பது மைல் வேகத்தில் (தீவின் உச்ச வேகமே அவ்வளவுதான்) வருகிற காட்சியை நான் விரித்துச் சொன்னேன். விபூதி லிஹூயே வரை தங்காது என்றேன். "அன்னிக்கு மட்டும் மூடிக்கிட்டாப் போச்சு" என்றார்.

கவனித்தேன். ‘அன்றைக்கு மட்டும்’ என்கிற நாட்களின் பட்டியல் கூடிக்கொண்டே போகிறது. வடக்கே போனால் மழை, மூட வேண்டும். கோயிலுக்குப் போனால் மூட வேண்டும். நடுப்பகல் வெயிலில் மூட வேண்டும். மலைமேல் கோகே பகுதியில் 4,000 அடியில் கடற்கரையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும், அங்கேயும் மூட வேண்டும். போலிஹாலே கடற்கரைக்கு எடுத்தே போக முடியாது. மண் ரோடு, வாடகை ஒப்பந்தத்தில் தார் போடாத சாலைக்கு அனுமதி கிடையாது.

*

ஜீப் எடுத்தால் என்ன என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. ராங்ளரில் கூரையைத் திறக்க நேரம் பிடிக்கும், கழற்றவே கூடாது என்று சொல்கிற வாடகைக்காரர்களும் உண்டு, பூட்டி வைக்க டிக்கி என்று தனியாக இல்லை. அம்மா ஏறுவதற்குப் படி வேறு உயரம். யோசனையைக் கைவிட்டோம்.

*

2021 வசந்தத்தில் ஹவாயில் வாடகைக்குக் கார் கிடைப்பதே அரிதாக இருந்தது. முந்தைய வருஷம் கொரோனாவில் வாடகை நிறுவனங்கள் தங்கள் வண்டிகளில் பெரும்பகுதியை விற்றுத் தள்ளிவிட்டிருந்தன. பயணிகள் திடீரென்று திரும்பி வந்தபோது சாதாரண காருக்கே விலை எங்கோ போய்விட்டது. வீடு மாற்றும்போது சாமான் ஏற்றுகிற லாரியையும் வேனையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பயணிகள் கடற்கரைக்குப் போனார்கள். அந்த விடுமுறையும் அவர்களுக்கு நன்றாகத்தான் போயிருக்கும்.

*

இவ்வளவும் எழுதிவிட்டு மறுபக்கத்தை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. போன முறை நாங்கள் போனபோது மூடிய காரில் இருந்தே நான் பொறாமைப்பட்ட ஒரு சாலை உண்டு. போயிப்பு, கொலோவா பக்கம் திரும்புகிற மலுஹியா சாலை. இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள், 1911-ல் வால்டர் மெக்பிரைட் என்பவர் கொடுத்து நட்டவை. கிளைகள் மேலே கைகோத்துக் கூரை போட்டிருக்கும். மூடிய காரில் அது சில நிமிடம் வருகிற ஒரு நிழல், அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால் போன திறந்த காரில் ஒரு பெண் தலையைச் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டு போனாள். இலை வாசனை முழுவதும் அவளுக்குத்தான்.

அங்கிருந்து மேற்கே ஹனபேபே, வாய்மேயா என்று போகிற நெடுஞ்சாலையும் அப்படித்தான். காய்ந்த பக்கம். மழை இல்லை, வண்டி குறைவு, வேகம் மிதம். காலை எட்டு மணிக்கு வெயிலும் முதுகுப் பக்கம். காற்றில் செம்மண் தூள் இருக்கும், இரும்புச் சத்து மிகுந்த மண். வெள்ளைச் சட்டை போட்டால் திரும்பி வரும்போது வெள்ளை இருக்காது. பரவாயில்லை. வாய்மேயா பள்ளத்தாக்கின் விளிம்புக்கு ஏறுகிற வரை, ஆழம் 3,000 அடிக்கு மேல் கீழே விரிகிற வரை, திறந்தே போகலாம்.

கவாயில் கூரை திறக்க நியாயமான நேரம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு காலைப் பொழுதும் கொஞ்சம் மாலையும்தான் தேறுகிறது. ஆட்களும் இரண்டு பேர்தான்.

*

இவர் ஒரு மாற்று யோசனை சொன்னார்: பிரின்ஸ்வில் அறையை ரத்து செய்துவிட்டுத் தெற்கே போயிப்புவில் எடுத்தால் மழை இல்லையே, தினமும் திறக்கலாமே. காருக்காக வீட்டை மாற்றுகிற ஆளை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். ஆனால் விசாரித்ததில் அம்மாவுக்கும் தெற்குதான் பிடித்திருக்கிறது; அங்கே குழந்தைகள் குளிக்கிற மாதிரி அலை அடங்கிய கடல் துண்டு ஒன்று இருக்கிறது, மழையில் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். அறையை மாற்றிவிட்டோம். கார் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை.

*

கடைசி நிலவரம். பயணம் முழுவதற்கும் ஒரு நடுத்தர எஸ்யூவி, பெட்டிகளும் அம்மாவின் காலும் அடங்குகிற மாதிரி. நடுவில் ஒரு நாளைக்கு மட்டும் கன்வர்டிபிள், காலையில் எடுத்து இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. முன்பணம் கட்டாமல் பதிவு செய்திருக்கிறது. அன்று வானிலை சரியில்லை என்றால் ரத்து செய்துவிடலாம்.

அம்மாதான் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பாப்பாவை நான் பாத்துக்கறேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க, அவ தூங்கணும்."

பதிவுச் சீட்டில் ‘மஸ்டாங் அல்லது அது போன்ற ஒன்று’ என்றுதான் போட்டிருக்கிறது. கவுன்டரில் வேறு எதையாவது தள்ளப் பார்த்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று இவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தலைக்குக் கட்ட ஒரு பருத்தித் துண்டை எனக்காக எடுத்து வைத்தாயிற்று.