எழுத்தின் திறவுகோல்

அழிந்துபோன எழுத்து வேறு. படிக்க முடியாத எழுத்து வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் எத்தனையோ இல்லங்களில் நல்ல குறுந்தகடுகள் குப்பைக்குச் செல்கின்றன.

என் தந்தையார் தம் இளமைக்கால நினைவுகளை 2002-ஆம் ஆண்டில் கணிப்பொறியில் அச்சுக்கோக்கச் செய்து, குறுந்தகடு ஒன்றில் பதிந்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் படியோ ஒரு மழைக்காலத்தில் நனைந்து அழிந்துவிட்டது. அவர்கள் மறைந்தபின் தகட்டைத் திறந்தோம். திரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! "தகடு கெட்டுவிட்டது" என்றனர் பிள்ளைகள்.

கெட்டது தகடுதானா என்பதையன்றோ முதலில் ஆராய வேண்டும்? கோப்பைக் கணிப்பொறிக்குப் படியெடுத்தேன். பிழையேதுமின்றி முழு அளவில் வந்தது. பத்திகளும் சொல்லிடைவெளிகளும் ஒழுங்காகவே இருந்தன. வெப்பத்தாலும் ஒளியாலும் தகட்டின் சாயப்படலம் சிதைந்திருந்தால் இவ்வொழுங்கு எஞ்சியிராது. ஆகவே, குறை எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

எழுத்துருவின் பெயரைப் பார்த்தேன்: 'பாமினி'. 1991-இல் வெளியான ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தபோதிலும், அது நடைமுறையில் பரவப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளே தோன்றும். பாமினியில் 'டி' என்பது வகரம். 'எச்' என்பது கால். 'ஜி' என்பது பகரம். அரைப்புள்ளி என்பது மெய்ப்புள்ளி. திரையின் முதல் வரியில் டி, எச், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச் என நின்றவற்றைக் கூட்டிப் படித்தேன். 'வாப்பா' என்றிருந்தது. என் தந்தையார் தம் தந்தையாரை நினைந்து தொடங்கிய முதற்சொல் அது.

பாமினியை நிறுவியதும் பக்கங்கள் தமிழாயின. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றுங்கருவி, இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் தமிழென்றெண்ணிக் குழப்பிற்று. மூலத்தோடு ஒப்பிட்டு அவற்றைத் திருத்த மூன்று இரவுகள் சென்றன.

நம் சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று. பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் சில வீட்டுப் பேழைகளில் உறங்குகின்றன. தாளும் மையும் அழியவில்லை. அரபு எழுத்தில் தமிழை வாசிக்கும் பழக்கமே அருகிவிட்டது.

ஆதலின், வீட்டிலுள்ள தகடுகளை இன்றே திறந்து பாருங்கள். படியெடுத்துக்கொள்ளுங்கள், உரிய எழுத்துருவையும் உடன் வையுங்கள். ஒருங்குறிப் படியொன்றும் தாளில் அச்சிட்ட படியொன்றும் இருக்கட்டும். எந்த எழுத்துருவில் அமைந்ததென்பதை உறையின்மேல் எழுதிவையுங்கள். நம் பேரர்கள் அதைத் தேடி அலைய வேண்டியிராது.