அப்பாவின் குண்டு பல்பு

‘பட்’டென்று ஒரு சத்தம். ஃப்யூஸ் போனது. கரிந்த நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காட்ட இன்னும் மூன்றே நாள். சாமான்கள் எல்லாம் அம்மாவின் சீட்டுப் பணத்தில் வாங்கியவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் செய்தது 12 வோல்ட், 2 ஆம்பியர் தரும் எஸ்.எம்.பி.எஸ். செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் அதே சங்கதிதான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை டி.சி.யாக்கினால் சுமார் 325 வோல்ட் ஆகும். அதை ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன், ஆஃப் செய்யும். ஆஃப் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு 100 வோல்ட் சேர்க்கும். மொத்தம் 425. எனவே 500 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எஃப் 840 போதும் என்று நினைத்தேன். எல்டிஸ்பைஸில் ஓட்டிப் பார்த்தபோது அலைகள் கோலம் போட்டதுபோல் அழகாக வந்தன.

அப்பா டிவி மெக்கானிக். பழைய பெட்டி டிவிகளோடு அவர் கடையும் போய்விட்டது. அவர் திட்டவில்லை. மீட்டரை பிளக்கில் செருகிக் காட்டினார். ராத்திரி பதினொரு மணிக்கு 255 வோல்ட்!

“கம்ப்யூட்டர்ல 230தானே குடுத்தே? சரி, சாப்பர் டிரான்சிஸ்டர் பக்கத்துல ஒரு டயோடு, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இருக்குமே, அது எங்கம்மா?”

ஸ்னப்பர்! பாடத்தில் படித்ததுதான். சிமுலேஷனில் அது இல்லாமலே ஓடியதால் விட்டுவிட்டேன். ஏன் ஓடியது என்று அப்போதுதான் யோசித்தேன். இரண்டு சுருள்களுக்கும் இடையே கசிவே இல்லாதபடி இணைப்பை 1 என்று கொடுத்திருந்தேன். அதை 0.98 ஆக்கியதும், ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் வோல்டேஜ் ஊசிபோல் 700க்கு மேல் பாய்ந்தது. அப்போதும் திரையில் இருந்த டிரான்சிஸ்டர் சாகவில்லை. நான் இறக்கிய மாடலில் அது உடையும் எல்லையே எழுதப்படவில்லை. அதில் சூடும் 25 டிகிரியிலேயே நின்றது. நிஜத்தில் 100 டிகிரியைத் தாண்டினால் மாஸ்ஃபெட்டின் மின்தடை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மறுநாள் 800 வோல்ட் மாஸ்ஃபெட்டும் ஸ்னப்பரும் வைத்தேன். அப்பா பரணிலிருந்து ஹோல்டரோடு 100 வாட் குண்டு பல்பை எடுத்து, லைனில் சீரிஸாக மாட்டினார். “பல்பு பளிச்சுன்னு நின்னு எரிஞ்சா ஷார்ட். ஒரு தடவை மின்னி அடங்கினா பிழைச்சுது.”

மின்னியது. அடங்கியது. மீட்டரில் 12 வோல்ட்.

இன்று பவர் சப்ளை வடிவமைப்பதுதான் எனக்கு வேலை. சிமுலேஷன் இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஆனால், ஓட்டும் முன் நான் எதையெல்லாம் சொல்லாமல் விட்டேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். சொன்னதை வைத்துத்தானே அது பதில் சொல்லும்? முதல் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் நாளில் மட்டும் அந்தக் குண்டு பல்பு என் பையில் வரும். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!